தலை முழுகிய சனிக்கிழமை

"தஹ்த்! தஹ்த்!"

இத்ரிஸ் கத்துகிறார். எங்கள் கட்டடத்தின் காவலாளி. தஹ்த் என்றால் கீழே. ஓடுகிறேன். ஒரு காலில்தான் செருப்பு. கையில் தண்ணீர் பாட்டில், பாஸ்போர்ட் பை, போன். எனக்கு முன்னால் பிந்து. கொல்லத்துக்காரி, என் அறைத்தோழி, என்னோடு டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். மாடிப்படி முழுக்கக் கண்ணாடித் தூள். முதலில் ஒரு விசில் வருகிறது. பிறகு எதுவுமே கேட்கவில்லை. பிறகு தரை எங்களைத் தூக்கிப் போடுகிறது. வெடிச் சத்தம் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வந்து சேர்கிறது.

"கலை! குனி! தலையைக் குனி!"

குனிந்தேன். என் தலைக்கு மேலே இருந்த ஜன்னல் போயிற்று. பிந்து என் பின்னல் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இறங்கினாள். அப்போது வலித்ததா என்று ஞாபகம் இல்லை.

ஊர் கார்ட்டூம். சூடானின் தலைநகரம். ஒரே நாட்டின் இரண்டு படைகள் ஒன்றோடொன்று மோதின. எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே பிறந்தவர்களுக்கே தெரியவில்லை. நான் ரத்தம் சுத்திகரிக்கும் மெஷின் போட வந்தவள்.

ஆரம்பித்தது தமிழ் வருடப் பிறப்புக்கு மறுநாள். சனிக்கிழமை காலை. விமானச் சத்தம் கேட்டும் நான் படுக்கையை விட்டு எழவில்லை. சிரிக்காதீர்கள். நான் இரும்புலியூரில் வளர்ந்தவள். தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு சுற்றும்போதுதான் பள்ளிக்கூடப் பாடமே படித்தேன். எனக்கு அது பால்காரர் மணி மாதிரி. பிந்து வந்து போர்வையை உருவிய பிறகுதான், இது பயிற்சி இல்லை என்று புரிந்தது.

முந்தின நாள்தான் அப்பாவோடு பேசியிருந்தேன். அப்பா பெயர் மாணிக்கம். மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தகட்டை அடித்து வளைக்கும் அந்த மெஷின் அவர் இடது காதை முழுதாகத் தின்றுவிட்டது. வலது காதில் பாதி மிச்சம். அதனால் போனை வலது காதில் வைத்து அவர் போடும் "அலோ" இருக்கிறதே, அதற்கு போனே தேவையில்லை. இரும்புலியூரிலிருந்து சும்மா கத்தினாலே எனக்குக் கேட்டிருக்கும்.

"வனிதா மாங்கா பச்சடி பண்ணா. வேப்பம்பூ ஜாஸ்தி. வாய்ல வைக்க முடியல. நீ இன்னா துன்ன?"

வனிதா என் தங்கை. அப்பாவோடு இருந்தவள். அம்மா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. எனக்கென்று உலகத்தில் இருந்தது அந்த இரண்டு பேர்தான்.

சண்டை தொடங்கிய பிறகும் லைன் கிடைத்தபோதெல்லாம் பேசினேன். டிவியில் கீழே ஓடும் எழுத்தைப் படித்துவிட்டு அப்பா கேட்பார். "உங்க ஊர்ல சண்டையாமே?" நான் சொல்வேன், "அது வேற பக்கம்ப்பா. நாங்க இருக்கிறது ஊருக்கு வெளியே." அப்போது பின்னால் டமார் டமார் என்று விழுந்துகொண்டிருக்கும். அவருக்குக் கேட்காது. மகள் குரல் மட்டும் கேட்கும். அவர் காதைக் கெடுத்த மெஷினுக்கு அந்த ஒரு வாரம் நான் நன்றி சொன்னேன். வனிதா விஷயம் வேறு. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"அக்கா, அது இன்னா சத்தம்?"

"கதவு."

"எத்தனை கதவுக்கா உங்க வீட்ல?"

பிறகு லைனும் போனது. கரண்ட் போனது. குழாயில் தண்ணீர் நின்றது. கட்டடத்தில் இருந்த எல்லாரும் கார் நிறுத்தும் அடித்தளத்தில் சேர்ந்து படுத்தோம். சூடான் குடும்பங்கள், ஒரு சிரியாக்காரர், பிந்து, நான். தண்ணீர் இத்ரிஸ் பொறுப்பு. தெருவைக் கடந்து ஒரு கிணற்றுக்குப் போய் எடுத்து வருவார். போகும்போதெல்லாம் அவர் மனைவி கண்ணை மூடிக்கொள்வாள். அவர் திரும்பி வந்து தகர டின்னைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் திறப்பாள்.

அடுத்த சனிக்கிழமை. ரம்ஜான் பெருநாளுக்கு மறுநாள். சுடுவது கொஞ்சம் ஓய்ந்திருந்தது. திடீரென்று என் போனுக்கு நெட் வந்தது. வந்த வேகத்தில் ஒரே ஒரு செய்தி. வனிதாவிடமிருந்து.

"அப்பா சீரியஸ்க்கா. தைரியமா இரு."

அவ்வளவுதான். நெட் போய்விட்டது.

இங்கேதான் நான் நிறுத்திச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சீரியஸ் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தூரத்தில் இருப்பவனுக்குச் செத்துப்போனார் என்று யார் சொல்கிறார்கள்? சீரியஸ், கிளம்பி வா என்பார்கள். வந்து பார்த்தால் வாசலில் சாமியானா போட்டிருக்கும். நான் இந்த வார்த்தையை அந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்தவள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மருத்துவமனையில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது சீனியர் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது இது: "போன்ல செத்துட்டாங்கன்னு சொல்லாதேம்மா. வண்டி ஓட்டிக்கினு வர்றவன் எங்கயாவது போய் இடிச்சுக்குவான். சீரியஸ்னு சொல்லு." சொன்னேன். எத்தனையோ வீடுகளுக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் இருப்பவர்கள் "சரிங்க சிஸ்டர்" என்பார்கள். புரிந்துவிடும்.

அம்மா போனபோது நான் மஸ்கட்டில் இருந்தேன். "அம்மா சீரியஸ்" என்றுதான் எனக்கும் போன் வந்தது. அத்தனை பேருக்கு அந்த வார்த்தையைச் சொன்ன நான், என் வீடு என்றதும் அதை அப்படியே நம்பினேன். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று விமான நிலையத்தில் பேரீச்சம்பழம் வாங்கினேன். அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ரீசர் பாக்ஸுக்கு முன்னால் நின்றேன். ஒரு முறை ஏமாந்தது போதும் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன்.

அதனால் இந்த முறை ஏமாறவில்லை. அப்பா போய்விட்டார் என்று புரிந்துகொண்டேன். கூடவே "தைரியமா இரு" என்று வேறு போட்டிருக்கிறாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அழுதேன். பிறகு பதில் எழுதினேன். எனக்காகக் காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள் என்று எழுத வேண்டும். "எடுத்துடுங்க" என்ற சொல்லை அடிக்க விரல் வரவில்லை. அப்பாவைப் போய் எடுத்துவிடுங்கள் என்று எப்படி எழுதுவது? "சரி வனி. நீ பார்த்துக்கோ. எனக்காகக் காத்திருக்காதீங்க" என்று மட்டும் எழுதினேன். மாலையில் எப்போதோ ஒரு நிமிடம் நெட் வந்து அது போய்ச் சேர்ந்தது.

சாவுச் செய்தி கேட்டால் தலை முழுக வேண்டும். வீட்டில் அப்படித்தான் வளர்ந்தோம். என்னிடம் இருந்தது அன்றைக்குக் குடிப்பதற்கான என் பங்கு, ஒரு பாட்டில். அடித்தளத்தின் மூலையில் தூணுக்குப் பின்னால் போனேன். கட்டியிருந்த துணியோடு குந்தி உட்கார்ந்தேன். மூடியைத் திறந்து மொத்தத்தையும் தலையில் கவிழ்த்தேன். உச்சி மட்டும்தான் நனைந்தது. மிச்சம் கழுத்து வழியாக இறங்கி சிமென்ட் தரையில் ஓடியது.

சிரியாக்காரர் பார்த்துவிட்டார். "தண்ணீர்! பைத்தியமா உனக்கு!" என்று கத்தினார். சண்டைக்கே வந்துவிட்டார். அவர் கோபம் நியாயம்தான். இத்ரிஸ் ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். "அபூக்கி?" என்றார். உன் அப்பாவா? தலையாட்டினேன். அவர் இரண்டு கைகளையும் ஏந்தி, கண்ணை மூடி, இறந்தவர்களுக்கான துஆவைச் சொன்னார். முடித்துவிட்டுத் தன் பங்குத் தண்ணீரில் பாதியை என் பாட்டிலில் ஊற்றினார். நான் வேண்டாம் என்றேன். திட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை. போனில் சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது. இந்தியர்களை அழைத்துப் போக பஸ் ஏற்பாடு ஆகிறது, எங்கே நிற்க வேண்டும் என்று தூதரகத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்று எங்கள் பிரிவு மருத்துவர் பிந்துவிடம் முன்பே சொல்லியிருந்தார். பிந்துவின் போன் ஏற்கெனவே செத்துவிட்டது. எங்கள் இரண்டு பேர் உயிரும் என் போனில் இருந்தது.

லைன் திரும்ப வந்திருந்தது, நெட் இல்லை. அப்போது மணி அடித்தது. திரையில் வனிதா.

எடுத்தால் அழுவாள். அவள் அழுதால் நான் உடைவேன். சார்ஜும் போகும். அப்பா போன பிறகு அழுகையைத் தவிர பேசுவதற்கு என்ன இருக்கிறது? கட் செய்தேன். மறுபடி அடித்தது. கட் செய்தேன். மூன்றாவது தடவையும் கட் செய்தேன். "எடுத்துப் பேசு கலை" என்றாள் பிந்து. "பஸ் வேணுமா வேண்டாமா?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். போனை அணைத்தேன். திங்கட்கிழமை கொஞ்ச நேரம் போட்டு வைத்தபோது பஸ்ஸுக்கான அழைப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். இத்ரிஸ் எங்கள் பைகளைத் தெருமுனை வரை தூக்கி வந்தார். ஒவ்வொரு சந்திலும் முதலில் அவர் எட்டிப் பார்த்தார். பிறகு கையசைத்தார். "ஓடு! இப்போ! ஓடு!" ஓடினோம். பஸ் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரோடு ஒட்டி நின்று காலி டின்னை ஆட்டினார். அங்கிருந்து நேராகத் தண்ணீருக்குப் போகிறார் என்று அர்த்தம்.

வழியில் சோதனை. துப்பாக்கிக்காரர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். சின்ன வயசுப் பிள்ளைகள். "போன்! போன்!" ஒரு கோணிப்பையில் எல்லார் போனும் விழுந்தது. என்னுடையதும். பிறகு பாலைவனம். துறைமுகம். கப்பல். ஜெட்டா. கப்பலில் எல்லாரும் வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. உள்ளே ஏதாவது இருந்தால்தானே.

வியாழக்கிழமை மதியம், ஜெட்டாவில் ஒருவர் பேசிக்கொள்ளுங்கள் என்று போன் கொடுத்தார். வனிதாவின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. இந்தக் காலத்தில் யாருக்குத்தான் இருக்கிறது? தெரிந்த ஒரே நம்பர் அப்பாவுடையது. செத்துப்போன மனிதரின் நம்பர். அடித்தேன். முழுசாக அடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை.

பெங்களூர் வழியாகச் சென்னை. வெள்ளிக்கிழமை சாயங்காலம். மீனம்பாக்கத்திலிருந்து ஆட்டோ. அதே ஜி.எஸ்.டி. ரோடு, அதே நெரிசல். ஒரு லாரியின் டயர் வெடித்தது. நான் ஆட்டோவின் தரையில் உட்கார்ந்து தலையை மூடிக்கொண்டேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "இன்னாமா ஆச்சு? டயருமா, வெறும் டயரு!"

எங்கள் தெரு. இறங்கினேன்.

சாமியானா இன்னும் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் இன்னும் இருந்தன. தெரு நெடுக சாமந்தியும் ரோஜா இதழும். வதங்கியிருந்தன, ஆனால் காயவில்லை. போன சனிக்கிழமை போனவருக்கு இன்றைக்கு வரைக்கும் எப்படி இத்தனை பூ? சித்திரை வெயிலில் அரை நாளில் சருகாகிவிடும். நான் அதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றேன். அப்போது எதிர் வீட்டு ராணி அக்கா என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"ஐயோ கலை, வந்துட்டியாடி! ஒரே ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? நேத்துதானே எடுத்தாங்க!"

"யாரை?" என்றேன்.

ராணி அக்கா என்னை விட்டு விலகிப் பார்த்தாள். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

உள்ளே போனேன். வனிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழவில்லை. தொட்டுப் பார்த்தாள். என் கை, என் முகம், என் தலை. பிறகுதான் அழுதாள்.

"எப்போ வனி?" என்றேன். "அப்பா எப்போ?"

"புதன்கிழமை விடிகாலைலக்கா."

"நீ சனிக்கிழமையே எழுதினியே."

"சீரியஸ்னு எழுதினேன். அன்னிக்குதான் ஹார்ட் அட்டாக் வந்து ஐ.சி.யூ.ல வெச்சிருந்தாங்க. சீரியஸா இருந்தாருக்கா. நிஜமாவே."

தரையில் உட்கார்ந்தேன். நிஜமாவே சீரியஸ். அந்த வார்த்தைக்கு அப்படியும் ஒரு அர்த்தம் உண்டு என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

வனிதா தன் போனைக் காட்டினாள். "அப்பா கண் முழிச்சிட்டாரு." "உன்னைக் கேக்குறாரு." "ஒரு தடவை பேசுக்கா." "நீ எங்கக்கா இருக்க?" எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக். எதுவும் என்னிடம் வந்து சேரவே இல்லை. அவற்றுக்கு மேலே என் பதில். எனக்காகக் காத்திருக்காதீங்க. அதைப் படித்துவிட்டு அக்கா சாகப்போகிறாள், அதைத்தான் சொல்லாமல் சொல்கிறாள் என்று இவள் நினைத்திருக்கிறாள். அக்காளும் தங்கையும் நல்ல ஜோடிதான். ஆளுக்கொரு சாவை ஒருவருக்கொருவர் எழுதி அனுப்பிக்கொண்டோம்.

"ஞாயித்துக்கிழமை அடிச்சியே" என்றேன். "மூணு தடவை."

"அடிச்சது அப்பாதான்க்கா. என் போன்லேர்ந்து. வலது காதுல நான்தான் புடிச்சிக்கினு இருந்தேன்."

எனக்கு அந்த நிமிடம் கார்ட்டூமிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஒரு ஷெல் என் மேல் விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. நம் ஊரில் ஒருவரை அறவே வெறுத்தால், உன்னைத் தலை முழுகிட்டேன் போ என்போம். நான் அதைச் செய்தே விட்டேன். உயிரோடு இருந்த அப்பாவுக்கு, துணியோடு, நிஜமாகவே. பிறகு அவர் கூப்பிட்டபோது கட் செய்தேன்.

"கோவமா இருந்தாரா வனி?"

வனிதா மூக்கைச் சிந்தினாள். அவள் முகத்தில் அழுகைக்கு நடுவே வேறு என்னவோ வந்தது.

"கோவமா? சிரிச்சாருக்கா. ரெண்டு ரிங் போய் கட் ஆச்சு. 'அக்கா கட் பண்றாப்பா'ன்னேன். மூஞ்சியே மாறிப்போச்சு. 'கட் பண்ணுதா? அப்போ உசுரோட கீதுடி! செத்தவங்க கட் பண்ணுவாங்களா? கை கீது, அதான் கட் பண்ணுது. இன்னொரு வாட்டி அடி' அப்டின்னாரு. அடிச்சேன். கட் பண்ணே. 'பாத்தியா'ன்னு நர்ஸம்மாகிட்ட வேற சொல்றாரு. 'என் பெரிய பொண்ணு. நர்ஸு. சண்டைல மாட்டிக்கினு கீது. பிஸியா கீது.' மூணாவது வாட்டியும் அடிக்கச் சொன்னாரு. அப்புறம் போதும், தொந்தரவு பண்ணாதேன்னு நிம்மதியா தூங்கிட்டாரு."

"நான் சண்டைக்கு நடுவுல இருந்தது அவருக்குத் தெரியுமா?"

"உனக்கு இன்னா பைத்தியமா? முதல் நாளே தெரியும். 'அவ பொய் சொல்லட்டும், கேக்காத மாதிரி இரு'ன்னு சொன்னதே அவருதான்."

செவ்வாய்க்கிழமை மறுபடி அடிக்கச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு என் போன் கோணிப்பையில். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. "கட் பண்ணுச்சா?" என்று கேட்டாராம். "பண்ணிட்டாப்பா" என்றாளாம் வனிதா. அவர் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான். அந்தப் பொய்யைச் சொன்னதற்கு இன்னமும் அவள் என்னிடம் மன்னிப்பு கேட்கிறாள். நான் அவளைத் திட்டி வாயை அடைக்கிறேன். ஜெட்டாவிலிருந்து நான் அடித்தபோது எல்லாரும் சுடுகாட்டில் இருந்திருக்கிறார்கள். அப்பாவின் போன் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜில் இருந்தது.

இப்போது தாம்பரத்தில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் வேலை பார்க்கிறேன். வீடுகளுக்குப் போன் செய்யும் வேலையும் வரும். இறந்திருந்தால் இறந்துவிட்டார் என்கிறேன். உட்காருங்கள், வண்டி ஓட்டாதீர்கள், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன். உயிரோடு இருந்தால், உயிரோடு இருக்கிறார், பேசுங்கள் என்று போனை அவர் காதில் வைக்கிறேன். மேனேஜர் இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்தார். வேலையை விட்டுத் தூக்கினால் தூக்கட்டும்.

போனவற்றின் கணக்கைச் சொல்கிறேன்.

கார்ட்டூமில் போனவை: வீடு. துணிமணி. ஒரு செருப்பு. போன், அதில் இருந்த அப்பாவின் குரல் பதிவுகள் அத்தனையும். எங்கள் டயாலிசிஸ் பிரிவில் வாரம் தவறாமல் வந்து படுத்தவர்கள். கரண்ட் இல்லாமல் அவர்கள் எத்தனை நாள் தாங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் எண்ணுவதில்லை. இத்ரிஸ்: தெரியாது. பிந்து இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். தெரியாது என்றே எழுதுகிறேன். செத்தவர் பட்டியலில் இன்னொரு முறை அவசரப்பட்டு யாரையும் சேர்க்க மாட்டேன்.

இரும்புலியூரில் போனது: ஒருவர். மாணிக்கம். பிரஸ் ஷாப் தொழிலாளி. இடது காது கேட்காது, வலது காதில் பாதி கேட்கும். புதன்கிழமை விடியற்காலை இறந்தார்.

சனிக்கிழமை அல்ல. சனிக்கிழமை உயிரோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சிரித்தார்.